மசூதித் தெருவின் படகு

சென்ற பள்ளி விடுமுறையில் குடும்பத்துடன் இராமேஸ்வரம் சென்றிருந்தோம். தியாகராய நகரில் வசிக்கும் எங்களுக்கு இப்பொழுது வழி எளிது. மாலையில் தாம்பரத்தில் இரயில் ஏறினால் விடியலில் பாம்பன் கடலைக் காணலாம். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தின் மீது வண்டி மெதுவாக ஊர்ந்தது. பக்கத்திலேயே ஓய்வுபெற்ற பழைய பாலம் நின்றுகொண்டிருந்தது. மேலே சாலைப் பாலம், கீழே நங்கூரமிட்ட நாட்டுப் படகுகள். ஃபஜ்ரை வண்டியிலேயே முடித்துவிட்டுப் பிள்ளைகள் அனைவரும் சன்னலில் முகம் பதித்திருந்தனர்.

அன்று முற்பகல் மசூதித் தெருவில், மர்ஹூம் ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் அவர்களின் இல்லத்தில் வரிசையில் நின்று மாடிக் காட்சிக்கூடத்தைப் பார்த்தோம். ராக்கெட் மாதிரிகளும் விருதுகளும் ஏராளம். வெளியே வந்தபின் என் இளைய மகள் கேட்டாள்:

“அத்தா, அவங்க அத்தா படகு கட்டினாங்கன்னு சொன்னீங்களே, அது எங்க?”

“புயல்ல போயிடுச்சும்மா.”

“வேற கட்டியிருக்கலாமே?”

எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. ஊர் திரும்பிய பின்னர் அந்த இரண்டாவது கேள்வி என்னை விடவில்லை. ஒரு படகு போனால் இன்னொன்று கட்டலாம். கட்டுவதற்கு மரமும் கையும் இருந்தால் போதும். ஆனால் அப்படகு சென்று சேர வேண்டிய கரை வேண்டுமே. அத்தீவில் நம் மக்கள் வாழ்ந்த வாழ்வின் வரலாற்றை இவ்வழியில் நோக்கினால், நாம் வழக்கமாகக் கேள்விப்படும் கலாம் கதையைவிடப் பெரியதொரு கதை அதற்குள் இருப்பது தெரியவரும்.

இராமேஸ்வரம் தீவு மேற்கே பாம்பனில் தொடங்கிக் கிழக்கே தனுஷ்கோடியில் கூராக முடிகிறது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளம். அந்தக் கூர்முனைக்கு அப்பால் மணல் திட்டுகள் வரிசையாகச் சென்று இலங்கையின் மன்னார்த் தீவைத் தொடுகின்றன. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே உள்ள தொலைவும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். சென்னையில் அடையாற்றிலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் தூரம்கூட இல்லை. இத்திட்டு வரிசையை இந்துப் பெருமக்கள் இராமர் சேது என்கின்றனர். நில வரைபடங்களில் அதற்கு ஆதம் பாலம் என்று பெயர். நபி ஆதம் (அலை) அவர்கள் இலங்கையின் மலையில் இறங்கினார்கள் என்னும் பழைய நம்பிக்கையே அப்பெயரின் வேர். இராமேஸ்வரத்தில் ஆபில், காபில் ஆகியோருடைய அடக்கத்தலம் எனக் கருதப்படும் தர்கா ஒன்றும் உள்ளது. இரண்டு கபுறுகளும் மிக நீளமானவை. ஆதமுடைய இரு புதல்வர்களின் வரலாற்றைத் திருக்குர்ஆன் ஐந்தாம் அத்தியாயத்தில் கூறுகிறது; அவர்களுடைய பெயரையோ அடங்கிய இடத்தையோ அது கூறவில்லை. ஆகவே தர்காவின் வரலாற்றுக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன். எனினும், ஒரு சிறு தீவு தன்னை மனிதகுலத்தின் முதற் குடும்பத்தோடு இணைத்துக்கொண்டது என்பதே கவனிக்கத்தக்க செய்தி. கடலின் இரு கரையும் ஒரே வீட்டின் இரு அறைகள் என்று எண்ணியவர்களுக்குத்தான் அப்படித் தோன்றும்.

அவ்வாறு எண்ணியதற்குக் காரணம் இருந்தது. 1344இல் இப்னு பதூதா மாலத்தீவிலிருந்து இலங்கைக்கு வந்து, ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராகத் தங்கி, ஆதம் மலைக்குச் சென்று திரும்பி, அங்கிருந்து கப்பலேறி மஅபர் எனப்பட்ட நம் கரைக்கு வந்தார். வழியில் புயலில் சிக்கி அவருடைய மரக்கலம் ஆழமற்ற நீரில் உடையும் நிலைக்குப் போயிற்று. மற்றவர்கள் கட்டுமரம் போன்றதொன்றைக் கட்டிக் கரை சேர்ந்தனர். அவர் இரவு முழுவதும் உடைந்த கப்பலிலேயே இருந்தார். விடிந்ததும் நம் கரை மக்கள் வந்து மீட்டனர். அந்த மன்னருக்குப் பாரசீக மொழி தெரிந்திருந்தது என்று அவர் எழுதுகிறார். முத்தும் மிளகும் குதிரையும் இக்கடலைக் கடந்துகொண்டிருந்த காலம் அது.

இக்கடலைக் கடத்தியவர்களில் நம்மவர்கள் முக்கியமானவர்கள். மரைக்காயர் என்னும் பெயரை மரக்கலத்தோடு சேர்த்துப் பொருள் சொல்வோர் உண்டு. கப்பலைக் குறிக்கும் மர்கப் என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்போரும் உண்டு. எப்படிப் பிரித்தாலும் உள்ளே ஒரு படகு இருக்கிறது. கீழக்கரையின் வள்ளல் சீதக்காதி, சேதுபதி மன்னர் கிழவனின் அவையில் பெற்றிருந்த மதிப்புக்கும் கடல் வணிகமே அடித்தளம். கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த முத்துக் குளிப்போர் ஒவ்வொரு சலாபத்தின்போதும் மன்னார் வளைகுடாவின் இருபுறமும் சென்று மூழ்கினர். சங்கும் அப்படித்தான். இங்கே நம்மவரும் பரதவரும் மூச்சடக்கி எடுத்த சங்குகள் வங்காளத்திற்குச் சென்று, அறுபட்டு, அங்குள்ள இந்து மணமகள்களின் கைவளைகளாயின. அப்பெண்கள் பாம்பனைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

அக்கரையிலும் நமக்கு ஒரு பெயர் இருந்தது. இந்தியாவிலிருந்து சென்ற முஸ்லிம் வணிகரை இலங்கை மக்கள் சம்மாங்காரர் என்று அழைத்தனர். சம்மான் என்பது படகு. கொழும்பு புறக்கோட்டையில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசலை 1908, 1909ஆம் ஆண்டுகளில் கட்டியவர்கள் இவ்வணிகர்களே. இன்றும் உள்ளூர் மக்களுக்கு அது சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல்தான். இரு நாட்டிலும் நம் பெயரே படகின் பெயராக இருந்தது என்றால் மிகையாகாது.

1914 வரை இராமேஸ்வரத்திற்குச் செல்வோர் மண்டபம் வரை வந்து, பாம்பன் கால்வாயைப் படகில் கடந்தனர். காசியிலிருந்து வந்த யாத்திரிகரும் கடலோடியின் கையைப் பிடித்துத்தான் தீவில் இறங்கவேண்டும். அவ்வாண்டு பிப்ரவரி 24 அன்று இரயில் பாலம் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து மேலே உயரும் அமைப்பு நம் மக்களுக்குப் பெரும் வியப்பு. பாம்பனில் யாத்திரிகரை ஏற்றி இறக்கியவர்களுக்கோ அன்றே தொழில் முடிந்தது. வரலாற்று நூல்களில் பாலம் திறந்த செய்தி இருக்கும். படகை இழுத்துக் கரையில் போட்டவனைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

ஆயினும் தீவு வேறொரு வகையில் உயிர்பெற்றது. எழும்பூரில் மாலையில் புறப்பட்ட போட் மெயில் தனுஷ்கோடியின் துறைமேடை வரை சென்றது. அங்கே இர்வின், கோஷன் என்ற நீராவிக் கப்பல்கள் காத்திருக்கும். கடலைக் கடந்து தலைமன்னார்த் துறையில் இறங்கினால் கொழும்பு கோட்டைக்கு இரயில் நிற்கும். சென்னையில் வாங்கிய ஒரே பயணச்சீட்டு கொழும்பு வரை செல்லும். மண்டபத்தில் இலங்கை அரசின் தொற்றுநோய்த் தடுப்பு முகாம் இருந்தது. தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற கூலி மக்கள் அங்கே தங்கவைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்ட பின்னரே கப்பலேறினர். மயிலாப்பூர் வழக்கறிஞரும், இராமநாதபுரத்துத் துணி வணிகரும், குழந்தையை இடுப்பில் ஏற்றிய தோட்டத் தொழிலாளியும் ஒரே வண்டியில் அத்தீவின் வழியாகச் சென்ற காலம் அது. வகுப்புப் பெட்டிகள் வேறு வேறாக இருந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இந்நிலையில்தான் மசூதித் தெருவின் ஜைனுலாப்தீன் அவர்களைப் பார்க்கவேண்டும். அவர்கள் 1976இல் வஃபாத் ஆனபோது வயது 102 என்று மகனார் எழுதியிருக்கிறார்கள். அக்கணக்கின்படி பாலம் திறந்தபோது அவர்களுக்கு நாற்பது வயது. பாலமில்லாத தீவையும் பாலமுள்ள தீவையும் பார்த்தவர்; பின்னர் நிகழ்ந்த பெரும் இழப்புகளையும் அத்தீவிலிருந்தே பார்த்தவர். இத்தீவின் வரலாற்றை அளக்க அந்த ஆயுளைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

அவர்களுடைய நாள் அதிகாலை நான்கு மணித் தொழுகையுடன் தொடங்கும். பின்னர் நான்கு மைல் தொலைவிலுள்ள சிறு தென்னந்தோப்புக்கு நடந்து சென்று, பத்துப் பன்னிரண்டு தேங்காய்களைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு திரும்பி வருவார்கள். அதன் பிறகே காலை உணவு. அறுபது வயதைக் கடந்த பின்னும் இவ்வழக்கம் நிற்கவில்லை. பள்ளிவாசலில் தொழுகை முடிந்து வெளியே வந்தால் பல சமயத்தவரும் கிண்ணங்களில் தண்ணீருடன் காத்திருப்பர். அவர்கள் விரல் நுனியை நீரில் தொட்டு துஆ செய்து கொடுப்பார்கள். அந்நீர் வீட்டிலுள்ள நோயாளிக்குச் செல்லும். குணமடைந்தவர் நன்றி கூற வந்தால், அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். வீட்டில் ஆஷியம்மா அவர்கள் ஒவ்வொரு நாளும் எத்தனை பேருக்குச் சோறிட்டார்கள் என்று எண்ணிப் பார்த்ததில்லை என்றும், குடும்பத்தாரைவிட வெளியாரே அதிகம் உண்டனர் என்றும் மகனார் குறிப்பிடுகிறார்கள்.

இராமநாதசுவாமி கோயிலின் தலைமைக் குருக்கள் பட்சி லட்சுமண சாஸ்திரி ஜைனுலாப்தீன் அவர்களின் நெருங்கிய நண்பர். ஒருவர் வேட்டியும் குடுமியுமாக, மற்றவர் தொப்பியுமாக அமர்ந்து ஆன்மிகம் பேசியதைச் சிறுவன் கலாம் பார்த்திருக்கிறார். ஆண்டுதோறும் நடக்கும் சீதாராம கல்யாணத்தின்போது கோயில் மூர்த்திகளை இராம தீர்த்தக் குளத்தின் நடுவிலுள்ள மண்டபத்திற்குக் கொண்டுசெல்லத் தனி மேடையமைத்த படகுகளை இக்குடும்பமே ஏற்பாடு செய்தது. இதைக் கேட்டுச் சிலர் இன்று முகம் சுளிக்கக்கூடும். வேறு சிலர் மேடையில் கைதட்டல் வாங்குவதற்குப் பயன்படுத்துவர். அத்தீவில் இருந்தவர்களுக்கு இது சாதாரணம். குளத்தில் படகு வேண்டும்; படகு யாரிடம் இருக்கிறதோ அவரிடம் கேட்டனர்; அவரும் அனுப்பினார். அவருடைய தொழுகையும் அவருடையது, அவர்களுடைய வழிபாடும் அவர்களுடையது.

அந்த இணக்கத்திற்குக் காவலும் தேவைப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. கலாம் அவர்கள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், குருக்களின் மகன் இராமநாதனுக்கு அருகில் தொப்பியணிந்த சிறுவன் அமர்ந்திருப்பதைப் பொறாமல் அவரைப் பின்வரிசைக்கு அனுப்பினார். இராமநாதன் அழுதான். இரு பிள்ளைகளும் வீட்டில் சொன்னார்கள். லட்சுமண சாஸ்திரி ஆசிரியரை அழைத்துவரச் செய்து, பிள்ளைகளின் மனத்தில் நஞ்சைத் தூவாதீர் என்று கண்டித்து, மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையேல் பள்ளியையும் தீவையும் விட்டு வெளியேற வேண்டும் என்று கூறிவிட்டார். ஆசிரியர் வருந்தித் திருந்தினார். தீவை விட்டு வெளியேறு என்னும் சொல்லை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பெரும்பான்மையைச் சேர்ந்தவர், பெரும்பான்மையைச் சேர்ந்த ஒருவரை நோக்கி அதைச் சொன்னார். பின்னால் வரவிருக்கும் செய்திக்காகவே இதை இங்கே நினைவூட்டுகிறேன்.

கலாம் அவர்களுக்கு ஆறு வயது இருக்கும்போது ஜைனுலாப்தீன் அவர்கள் கடற்கரையில் மரப்படகு கட்டத் தொடங்கினார்கள். உடன் உழைத்தவர் உறவினர் அகமது ஜலாலுத்தீன். பின்னாளில் மகள் ஜோஹராவை மணந்தவர். இராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு, சேதுக்கரை நீராடலுக்குச் செல்லும் யாத்திரிகரை ஏற்றிச் செல்லும் படகு அது. இரயில் ஓடிக்கொண்டிருந்த காலத்திலும் படகுக்கு ஆள் இருந்தது. தொழில் நன்றாகவே நடந்தது. மரத்தை விறகு நெருப்பில் வாட்டிப் பதப்படுத்துவதை அச்சிறுவன் அருகிருந்து பார்த்தார். விமானப் பொறியியலுக்கு முன் அவர் பார்த்த முதல் பொறியியல் அதுவே.

போர்க்காலமும் அத்தீவைத் தொட்டது. 1939இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் புளியங்கொட்டைக்குத் திடீரெனத் தேவை ஏற்பட்டது. சிறுவர்கள் பொறுக்கிக்கொண்டு போய் மசூதித் தெரு மளிகைக் கடையில் கொடுத்தால் நாளொன்றுக்கு ஓரணா கிடைக்கும். பின்னர் இராமேஸ்வரம் நிலையத்தில் இரயில் நிற்பது நிறுத்தப்பட்டது. பத்திரிகைக் கட்டுகளை ஓடும் வண்டியிலிருந்து தனுஷ்கோடி வழியில் வீசினர். ஊரின் ஒரே பத்திரிகை முகவரான உறவினர் சம்சுத்தீனுக்கு அவற்றைப் பிடிக்க ஒரு சிறுவன் தேவைப்பட்டான். கலாம் அவர்களின் முதல் ஊதியம் அவ்வாறு கிடைத்தது. ஆயிரம் பேரளவில் எழுத்தறிந்திருந்த அவ்வூரில் தினமணிக்கே வாசகர் அதிகம்.

இனி அந்தப் படகுக்கு வருவோம். மணிக்கு நூறு மைல் வேகத்தில் வீசிய புயல் எங்கள் படகையும் சேதுக்கரையின் நிலத்தில் ஒரு பகுதியையும் கொண்டுபோயிற்று என்னும் பொருள்பட அக்னிச் சிறகுகள் நூலில் கூறும் கலாம் அவர்கள், அதே மூச்சில் பாம்பன் பாலம் இடிந்து பயணிகளோடு இரயில் மூழ்கியதையும் குறிப்பிடுகிறார்கள். இரயில் மூழ்கியது 1964இல். அப்போது அவர்களுக்கு 33 வயது. சிறுவயதுப் புயலும் பிற்காலப் புயலும் நினைவில் ஒன்றாகக் கலந்துவிட்டன என்றே எனக்குத் தோன்றுகிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அத்தீவில் பிறந்த எவருக்கும் புயல் என்றால் 1964தான்; அது முன்னர் வந்த புயல்களையெல்லாம் விழுங்கிவிட்டது.

1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் வண்டி தனுஷ்கோடியை நெருங்குகையில் சமிக்ஞை கிடைக்காமல் இருளில் நின்றது. ஓட்டுநர் நீண்ட விசில் கொடுத்துவிட்டு மெல்ல நகர்த்தினார். பேரலை வண்டியை அப்படியே மூடிக்கொண்டது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் மிஞ்சவில்லை. துறைமேடை, சுங்க அலுவலகம், அஞ்சலகம், பள்ளிக்கூடம், தேவாலயம், இரயில் நிலையம் என்று ஒரு ஊருக்குரிய அனைத்தும் ஓரிரவில் சிதைந்தன. பாம்பன் பாலத்தின் பெரும்பகுதி உத்திரங்கள் கடலுக்குள் விழுந்தன; கப்பலுக்காகத் திறக்கும் நடுப்பகுதி மட்டும் தப்பியது. ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் தலைமையில் 46 நாட்களில் பாலம் சீராக்கப்பட்டது. அது பின்னாளில் தில்லி மெட்ரோவால் புகழ்பெற்றவரின் முதற் சாதனை. பாலம் மீண்டது; தனுஷ்கோடி மீளவில்லை. வாழத் தகுதியற்ற இடம் என அரசு அறிவித்தது. பாம்பனிலிருந்து அங்கு சென்ற இருப்புப் பாதை மணலுக்குள் போயிற்று.

இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன் என்று கூறிவிட்டுக் கடந்துசெல்லக்கூடிய இழப்பு அல்ல இது. உயிர்களுக்கு அப்பால், ஒரு தீவு தன் கிழக்கு வாசலையே இழந்தது. கப்பல் போக்குவரத்து இராமேஸ்வரத்திற்கும் தலைமன்னாருக்கும் இடையே மாற்றப்பட்டது. இராமானுஜம் என்ற கப்பல் ஓடிற்று. ஆனால் அதற்கு முன்பே மற்றொரு வாசல் மூடத் தொடங்கியிருந்தது. 1948இல் இலங்கை விடுதலை பெற்ற பின் குடியுரிமைச் சட்டங்களும் விசாவும் வந்தன. புறக்கோட்டையில் தலைமுறைகளாகக் கடை வைத்திருந்த சம்மாங்காரர் அயல்நாட்டவர் ஆயினர். 1974, 1976ஆம் ஆண்டு ஒப்பந்தங்கள் கடலின் நடுவே கோடு கிழித்தன. கச்சத்தீவு அப்பால் சென்றது. ஜைனுலாப்தீன் அவர்கள் கண்மூடிய ஆண்டும் 1976. படகோட்டியாகப் பிறந்த ஒருவர், கடலில் கோடு வரைந்து முடித்த ஆண்டில் அடங்கினார்.

இராமானுஜம் கப்பல் 1984இல் நின்றது. அக்கரையில் போர் மூண்டுவிட்டது. அதன் பிறகு இக்கடலைக் கடந்தவர்கள் அகதிகள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இரவில் வந்து இறங்கிய ஈழத்தமிழரைப் பழைய மண்டபம் முகாமே ஏற்றுக்கொண்டது. தோட்டத் தொழிலாளியைச் சோதித்து அனுப்பிய அதே இடம், இப்போது எதிர்த்திசையில் வந்தவர்களுக்கு இருப்பிடமாயிற்று.

நம் வாசகர்களில் பலர் இந்தப் பகுதியை அறிவர். ஆயினும் எழுதாமல் விட முடியாது. இராமேஸ்வரத்திற்கு நேர் எதிரே உள்ள மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டி என்ற பெரிய முஸ்லிம் ஊர் உண்டு. அவர்களும் தமிழே பேசினர், அதே கடலில் வலை வீசினர், முத்துக் குளித்தனர். 1990 அக்டோபரில், வட மாகாண முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என விடுதலைப் புலிகள் ஆணையிட்டனர். யாழ்ப்பாணத்தில் சில மணி நேரமே அவகாசம். மன்னாரில் சில நாட்கள். சிறிதளவு பணமும் துணியும் தவிர எதையும் எடுத்துச்செல்ல அனுமதியில்லை. ஏறத்தாழ 75,000 பேர் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவினர் சிறு படகுகளில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். புத்தளத்தில் ஓலைக் குடிசை முகாம்களில் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாயினர். போர் முடிந்த 2009க்குப் பிறகு சிலர் திரும்பினர். பலர் திரும்பவில்லை, வீடும் காணியும் கேட்டு இன்னும் அலைவோர் உள்ளனர்.

ஒரே கடலின் இக்கரையில், சிறுவனைப் பின்வரிசைக்கு அனுப்பிய ஆசிரியரிடம் தீவை விட்டுப் போ என்று சொன்ன ஒரு குருக்கள் இருந்தார். அக்கரையில் அதே சொல் முழுச் சமூகத்தின் மீது விழுந்தபோது அதைத் தடுத்து நிறுத்தும் வலிமை யாருக்கும் இல்லை. அண்டை வீட்டுத் தமிழர் பலர் அழுதார்கள் என்பதும் உண்மை. துப்பாக்கிக்கு முன் அவர்களால் அதற்குமேல் முடியவில்லை.

மசூதித் தெரு இன்று சுற்றுலாப் பயணிகளால் நிரம்பி வழிகிறது. சங்குப் பொருட்களும் சிப்பி மாலைகளும் விற்கும் கடைகள் இருபுறமும். 1988இல் சாலைப் பாலம் திறந்தபின் பேருந்துகளும், 2017இல் பேய்க்கரும்பில் நினைவிடம் எழுந்தபின் பள்ளிக்கூடச் சுற்றுலாக்களும் பெருகிவிட்டன. தொழுகைக்குச் செல்வோர் வண்டிகளை விலக்கிக்கொண்டு நடக்கின்றனர். துறைமுகத்தில் விசைப்படகுகள் நிற்கின்றன; எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அக்கரைச் சிறையில் இருக்கும் மீனவர் பற்றிய செய்தி இல்லாமல் ஒரு மாதமும் கழிவதில்லை. தேநீர்க் கடையில் எங்களோடு பேசிய முதியவர் ஒருவர், தம் இளமையில் தலைமன்னாருக்குக் கப்பலில் சென்று அன்றிரவே கொழும்பு இரயிலில் உறங்கியதைச் சொன்னார். “இப்ப அங்க போகணும்னா வேற ஊருக்குப் போய்த்தான் ஏறணும் தம்பி” என்று சிரித்தார். கண்ணெதிரே உள்ள கரைக்குச் சுற்றி வளைத்துத்தான் செல்லவேண்டும்.

கலாம் அவர்கள் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. தம்பியருக்கெல்லாம் மூத்தவரான ஜோஹரா அவர்கள் தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார்கள். படகு கட்டியவரின் மகள், உடன் கட்டியவரின் மனைவி. தாம்பரம் இரயிலில் திரும்பும்போது இதை என் மகளிடம் சொன்னேன். படகு வேறு விதமாகக் கட்டப்பட்டது என்று ஒரு தந்தைக்குரிய விடையைச் சொல்லிவிட எனக்கு ஆசைதான். அவள் ஏற்கவில்லை. படிப்பு வேறு, படகு வேறு என்றாள்.

அதற்கு முந்தைய மாலை அரிச்சல்முனைக்குச் சென்றிருந்தோம். புதிய சாலை கடலின் விளிம்பு வரை போடப்பட்டுள்ளது. வழியில் இடிந்த தேவாலயத்தின் சுவர்களும், நீர்த்தொட்டியின் தூண்களும், மணலில் பாதி புதைந்த இரயில் நிலையமும். சாலை முடியும் இடத்தில் ஒரு வட்டம் போட்டு வாகனங்கள் திரும்புகின்றன. ஒருபுறம் அமைதியான நீர், மறுபுறம் குமுறும் நீர். மஃக்ரிப் நேரம் நெருங்கிவிட்டதால் மணலில் ஒரு விரிப்பைப் போட்டு நின்றோம். தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்தபோது மகள் தொலைபேசியை எடுத்துப் பார்த்தாள். திரையில் இலங்கைத் தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றின் பெயர் தெரிந்தது.

“அத்தா, நம்ம போன் போயிடுச்சு பாருங்க” என்றாள்.